கூரைத் தகட்டுக்கு மேலே ஒரு முழம்

அன்பு மகன் ஆன்டோவுக்கு,

உன் வீட்டு விறகு அடுப்பிலிருந்து மேலே போகும் குழாயைக் கழற்றி, காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு நான் அஜ்மானுக்குத் திரும்பி இன்றோடு ஆறு நாள். எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போன் எடுக்கவில்லை. உன் அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுத்து, "அப்பாகிட்ட குடுக்காதீங்கம்மா" என்கிறாய். ஸ்பீக்கரில் அது எனக்கும் கேட்கிறது. உன் கோபம் நியாயம்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத இடத்தில், மேனேஜர் பார்த்துக்கொண்டு நிற்க, தகப்பன் வந்து கூரைத் தகட்டைப் பிரித்துப் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதி, தாளைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். மெதுவாக வாசி. முதலில் நீ மட்டும் வாசி. பிறகு உன்னோடு வேலை பார்க்கும் பையன்களுக்கும் வாசித்துக் காட்டு. மறைக்க வேண்டியது இதில் இனி எதுவும் இல்லை. பிரின்சியிடம் மட்டும் இப்போது காட்டாதே. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி பயப்படக் கூடாது. அவளுக்கும் சேர்த்து நானே பயந்துகொள்கிறேன்.

ராஸ் அல் கைமா மலையில் புதிதாகத் திறக்கப்போகும் விடுதியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னபோது நான் சந்தோஷப்பட்டது உண்மை. கல்லால் கட்டிய எட்டுக் குடில்கள், குளிர்காலத்துக்காக ஒவ்வொன்றிலும் ஒரு விறகு அடுப்பு, நீயும் பிரின்சியும் குடியிருக்க அதே மாதிரி ஒரு கல்வீடு என்று நீ சொல்லச் சொல்ல உன் அம்மா வாய் பிளந்து கேட்டாள். போய் ஆறாவது வாரம் வீடியோவில் கூப்பிட்டாய். "அப்பா, இங்க பாருங்க, ரியல் ஃபயர்! இங்க செம கோல்டு!" பிரின்சி அடுப்புக்கு எதிரே பாய் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு அழகா இருக்கு" என்றாள் உன் அம்மா. நான் தீயைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலே, இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், கரும்பழுப்பாக எதுவோ வழிந்து காய்ந்திருந்தது. ஒரு விரல் நீளம் இருக்கும். அதற்குள் நீ போனை ஜன்னல் பக்கம் திருப்பி மலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டாய். நான் மலையையும் பார்க்கவில்லை.

அது தார், ஆன்டோ. விறகுப் புகையில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும். புகை சூடாக இருக்கும்வரை அவை அதோடு சேர்ந்து மேலே போய்விடும். வழியில் குளிர்ந்தால் குழாயின் உள்பக்கத்தில் படிந்து, தாராக இறுகும். சில சமயம் இணைப்பின் வழியே கீழே வழியும். கல் சிம்னிக்குள் இரும்புக் குழாயை இறக்கி, அதைச் சுற்றிச் சூடு தாங்கும் செராமிக் கம்பளி போடாமல் விட்டால் இதுதான் நடக்கும். வெளியே மலைக்குளிர், நடுவில் வெறும் காற்று, உள்ளே மெல்லிய ஸ்டீல். புகை குளிராமல் என்ன செய்யும்? அந்தத் தார் எரியும் பொருள். ஒரு நாள் அடுப்பைக் கொஞ்சம் அதிகமாக எரித்தால் அது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். அப்போது சிம்னி விமானம் ஏறுவது போல இரையும். அந்த இரைச்சலைக் கேட்டவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். பிரின்சி டீ போட்டுக் கொடுத்தாள். நீ உன் மேனேஜரோடு குடில்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் பொறுத்திருந்திருக்கலாம். முடியவில்லை. கைக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, குழாய் கூரைக்குள் போகும் இடத்தில் இருக்கும் வட்டத் தகட்டின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கம்பளி இல்லை, தடுப்பு இல்லை. குழாய்க்கும் மர உத்தரத்துக்கும் நடுவில் என் இரண்டு விரல் நுழையும் அளவுதான் இடைவெளி. உத்தரத்தின் ஓரம் ஏற்கெனவே பழுப்பேறி, காபித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நிறம் மிகவும் கெட்டது. மரம் ஒரேயடியாகப் பற்றாது. திரும்பத் திரும்பச் சுட்டுக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள் கரியாகும். கரியாகக் கரியாக, முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் பத்தாவது வாரமும் ஒன்றும் ஆகாது என்று நினைக்க முடியாது.

நீயும் மேனேஜரும் உள்ளே வந்தபோது நான் அடுப்புக்கு மேலிருந்த குழாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். தரையெல்லாம் கரி. "அப்பா, என்ன பண்றீங்க?" என்று கேட்டாய். "இத எரிக்கப்படாது மக்கா" என்றேன். "கான்ட்ராக்டர் டெஸ்ட் பண்ணிக் குடுத்தது. நான் செக் பண்ணி சைன் பண்ணியாச்சு. எட்டுக் குடிலுக்கும் சைன் பண்ணியாச்சு" என்றாய். எட்டுக்கும் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்தது. "மேல ஏறிப் பாத்தியால? தகட்டத் தொறந்து பாத்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். நீ சத்தம் போடவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. "அப்பா, இது என் சைட். உங்க ஒர்க்‌ஷாப் இல்ல. நீங்க லைஃப் ஃபுல்லா பயந்துட்டே இருந்துட்டீங்க. எங்களையாவது விடுங்க" என்றாய். நான் குழாயோடு வெளியே வந்து காரை எடுத்தேன். அதை விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கே திரும்ப மாட்டி எரிப்பாய் என்ற பயம்.

நீ சொன்னது சரி. நான் பயந்துகொண்டேதான் வாழ்ந்தேன். உன் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்ற விட்டதில்லை. நம் வீட்டு ஜெபமேசையில் மாதா முன்னால் சின்ன பல்புதான் எரியும். "கரன்ட் மாதா" என்று நீ கேலி செய்வாய். பிளாட்டில் பக்கத்து வீட்டில் கருவாடு தீய்ந்தால்கூட நான் படியிறங்கி வாசலுக்கு ஓடுவேன். இதெல்லாம் என் சுபாவம் என்று நீயும் உன் அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சுபாவம் இல்லை. நான் செய்த ஒரு காரியம்.

நீ ஆறாம் வகுப்பு படித்த வருடம் அது. ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் வேலை செய்யும் பட்டறையில் பெரும்பாலும் ஏசி டக்டும் ஹோட்டல் அடுப்படிக்குப் புகைக்குழாயும்தான் செய்வோம் என்று உனக்குத் தெரியும். எப்போதாவது மலைப்பக்கப் பண்ணை வீடுகளுக்கு விறகு அடுப்பு சிம்னி வேலை வரும். அப்படி ஓர் அர்பாப், அதாவது பண்ணையின் முதலாளி, தன் மலைவீட்டில் குடும்பத்தோடு குளிர்காலத்தில் தங்க அடுப்பு வைக்கச் சொன்னார். அந்த வேலைக்கு நான்தான் ஃபோர்மேன். கூட யாக்கூப் பாய், பெஷாவர்க்காரர், நல்ல கைக்காரர். மூன்று நாள் வேலை. குழாய் முழுவதற்கும் செராமிக் கம்பளி சுற்றி, கம்பி கட்டி, மேலே மழைமூடி வைத்து, எல்லாம் பழுதில்லாமல் வந்தது. கடைசி நாள் மதியம், கூரையின் மரப்பலகைக்குள் குழாய் நுழையும் இடத்தில், தகட்டுக்கு மேலே ஒரு முழம் அளவுக்குக் கம்பளி குறைந்துவிட்டது. அளவெடுத்தது நான். தப்பு என்னுடையது. "கல் ஆகே லகாயேங்கே, உஸ்தாத்" என்றார் யாக்கூப். நாளைக்கு வந்து போடலாம், மேஸ்திரி என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் உன் பள்ளியில் ஆண்டு விழா. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீ மூன்று ராஜாக்களில் ஒரு ராஜா. அதற்கு முந்தைய வருட விழாவுக்கும் சைட்டில் மாட்டிக்கொண்டு நான் வரவில்லை. நீ இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. இந்தத் தடவை வருவேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன். மலையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். திறந்த கூரையோடு விட்டுவிட்டுப் போனால் அர்பாபின் ஆட்கள் பட்டறைக்குப் போன் போடுவார்கள். வேனில் ஏசி டக்டுக்குச் சுற்றும் கிளாஸ்வூல் துண்டு கிடந்தது, வெள்ளித்தாள் ஒட்டிய மஞ்சள் பஞ்சு. அது குளிருக்கு; நெருப்புக்கு இல்லை. அதிலுள்ள பசை சூட்டில் கருகும், பஞ்சு உருகிச் சுருங்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அதைத் திணித்து, தகட்டை மூடி, ஸ்க்ரூ முடுக்கினேன். நாளைக்கு வந்து மாற்றிவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்தது என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன். யாக்கூப் என்னைப் பார்த்தார், பிறகு வேனில் சாமான் ஏற்றப் போனார்.

நான் அரங்கத்துக்குள் நுழையும்போது நீ மேடைக்கு வந்துகொண்டிருந்தாய். ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கூட்டத்தில் என்னைக் கண்டதும் உனக்குச் சொல்ல வேண்டிய வசனம் மறந்துபோய், சிரித்துவிட்டாய். அதற்காக நான் எதையும் கொடுத்திருப்பேன். கொடுத்தது என்னுடையது இல்லை என்பதுதான் விஷயம். இதில் உன் மேல் ஒரு தூசியளவு பழியும் இல்லை, ஆன்டோ. பன்னிரண்டு வயதுகூட ஆகாத பிள்ளை தகப்பன் வர வேண்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான். மறுநாள் வேறு சைட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. ஒரு வாரத்தில் அந்த நினைப்பு வருவது குறைந்தது. ஒரு மாதத்தில் நின்றே போனது.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் முருகேசன் போன் செய்தான். அந்தப் பண்ணை வீட்டுக் காவல்காரன், ராமநாதபுரம் பக்கம், என்னைவிடப் பத்து வயது இளையவன். "அண்ணே, அடுப்பு எரியிறப்ப மேல கூரையில கருகல் வாடை வருதுண்ணே. எதுக்கும் வந்து ஒருக்கா பாருங்களேன்" என்றான். அந்த நிமிடம் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தகடு, மஞ்சள் பஞ்சு, எல்லாம். வந்து பார்த்தால் யார் போட்டது என்று கேள்வி வரும். "கோடையெல்லாம் சும்மா கெடந்த குழாய்ல தூசி வாடை அப்படித்தான் இருக்கும்லே. போகப் போகச் சரியாயிரும்" என்றேன். "சரிண்ணே, நீங்க சொன்னாச் சரிதான்" என்றான். பஞ்சைத் திணித்தது அவசரத்தில் செய்த தப்பு என்று யாராவது மன்னிக்கலாம். இதை என்னவென்று சொல்வது? என்னை நம்பி ஒருவன் கேட்டான். நான் சரி என்றேன்.

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணி வாக்கில் கூரை பற்றிக்கொண்டது. அர்பாபின் குடும்பம் முழுக்க அங்கே தங்கியிருந்தது. பெரியவர்கள் வெளியே முற்றத்தில் இருந்தார்கள். நாலு வயதுப் பேரன் அடுப்பு இருந்த அறையிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். சிம்னி இரைவதைக் கேட்டு முருகேசன் உள்ளே ஓடி, பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது எரிந்த பலகை சரிந்தது. பிள்ளை மேல் விழாமல் அதைக் கையால் தள்ளியிருக்கிறான். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. விசாரிக்க வந்த அதிகாரி என்னையும் கூப்பிட்டார். "இன்சுலேஷன் முழுவதும் சரியான பொருள்தான் போட்டாயா?" என்று தெளிவாகத்தான் கேட்டார். "போட்டேன்" என்றேன். அப்போது எனக்கு முன்னால் நின்றது என் விசாவும், உன் பள்ளியும், உன் அம்மாவும்தான். கடைசியில், காவல்காரன் அளவுக்கு மீறி விறகு போட்டுவிட்டான் என்று முடிவானது. அவன் வேலை போனது.

அவனை ஷார்ஜா ஏர்போர்ட்டுக்குப் பட்டறை வேனில் கொண்டுபோய் விட்டது நான்தான். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு கையிலும் கட்டு. பாஸ்போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை. நான் அதை வாங்கி அவன் சட்டைப் பையில் வைத்தேன். "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டு உத்தரத்தின் பழுப்பு நிறத்தைப் பார்த்தபோது, கர்த்தர் என் கணக்கைத் தீர்க்க உன் வீட்டுக் கூரையைத் தேர்ந்தெடுத்துவிட்டாரோ என்று பயந்தேன். வேறு யாரோ ஒரு ஃபோர்மேன், வேறு ஏதோ அவசரத்தில், கம்பளி போடாமல் தகட்டை மூடியிருக்கிறான். கீழே என் மருமகள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமை ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் முருகேசனுக்குத் தூரத்துச் சொந்தம். நம்பர் வாங்கி, கடை வாசலில் நின்றே கூப்பிட்டு, ஷார்ஜா பட்டறை ஃபோர்மேன் பேசுகிறேன் என்றேன்.

"யாரு, சார்ஜா அண்ணனா? நல்லாருக்கீயளாண்ணே?" என்றான். குரல் மாறவே இல்லை. ஊரில் ஆடு வளர்க்கிறானாம். இடது கையில் இரண்டு விரல் மடங்காதாம். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "முருகேசா, அந்தக் கூரைல நான் தப்பான பஞ்சு வச்சேன். அதான் தீப்பிடிச்சது. நீ ஒண்ணும் செய்யல." பக்கத்தில் யாரையோ ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பிறகு, "அது தெரியும்ணே" என்றான்.

"தெரியுமா?"

"தீய அணைச்ச பெறகு ஒரு மூலைல எரியாமக் கெடந்துச்சு. வெள்ளித்தாளு ஒட்டுன மஞ்சப் பஞ்சு. ஏசிக்குச் சுத்துறதுல்ல அது? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"என்னைய யாருண்ணே கேட்டா?" என்றான். அதில் கோபம் இல்லை. "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஏர்போர்ட்டுல உள்ள போற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்ணே. நீங்க வேனுகிட்டயே நின்னீங்க. சரி, இப்பச் சொல்லிடுவாரு, இப்பச் சொல்லிடுவாருன்னு பாத்தேன்."

"மன்னிச்சிரு" என்றேன். "ஆட்டப் பத்தணும்ணே, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

திங்கட்கிழமை அந்த அர்பாபைத் தேடிப் போனேன். இப்போது நன்றாக வயதாகிவிட்டது. தடி ஊன்றி வந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த இந்தியிலும் அரபியிலும் கலந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சைச் சொன்னேன், முருகேசன் போன் செய்து எச்சரித்ததைச் சொன்னேன், அதிகாரியிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "என் பேரனை முதுகில் தூக்கி வந்தவனையா நான் வீட்டைவிட்டு அனுப்பினேன்?" என்று கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. பிறகு முருகேசனின் நம்பரைக் கேட்டு, டிரைவரை எழுதிக்கொள்ளச் சொன்னார். "கலாஸ், முடிந்தது. போ" என்றார். அதன் பிறகு என்ன நடந்தது, அவர் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பட்டறையில் சொன்னேன். மேலே பேசி முடிவு சொல்லும்வரை டியூட்டிக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். வேலை இருக்குமா, வழக்கு வருமா, தெரியவில்லை. உன் அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். அழுதாள். பிறகு, "முதல்ல மவனுக்கு எழுதுங்க. பிள்ளைக அந்தக் கூரைக்கடியில படுத்திருக்குதுக" என்றாள்.

இனி உன் அடுப்பைப் பற்றி. குழாயைத் திருப்பித் தருகிறேன், ஆனால் வேலை முடிந்த பிறகு. கல் சிம்னிக்குள் இருக்கும் உள்குழாயை வெளியே எடுத்து, அடி முதல் நுனி வரை நெருப்புக்கான கம்பளியைச் சுற்ற வேண்டும். இடையில் ஒரு சாண்கூட விடக்கூடாது. குழாயின் மேல் அம்புக்குறி போட்டிருக்கும். புகை போகும் திசையில் அது இருக்கிறதா என்று பார். உத்தரத்தை, குழாய் செய்தவர்கள் சொல்லியிருக்கும் தூரத்துக்கு அறுத்து விலக்க வேண்டும். அந்தப் பழுப்பேறிய பாகம் மொத்தமும் போக வேண்டும். பெயின்ட் அடித்து மறைத்தால் ஆகாது. கம்பளி நனைந்தால் அதனால் பயன் இல்லை. இங்கே வருடத்தில் நாலு மழைதான் என்று மேல்மூடியை அலட்சியமாக விடாதே. அந்த நாலு மழை போதும். கோடை முழுக்க அடுப்பு சும்மா கிடக்கும்போது ஈரக்காற்றும் உள்ளே படிந்த கரியும் சேர்ந்து ஸ்டீலையே அரிக்கும். மைனாவும் புறாவும் கூடு கட்டும். அதனால் சீசன் முடிந்ததும் ஒரு தடவை, தொடங்குமுன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, குழாயின் அளவுக்குச் சரியான நைலான் பிரஷ்ஷை விட்டு, மேல் வரை இழுக்க வேண்டும். இரும்புக்கம்பி பிரஷ் வேண்டாம், குழாயைக் கீறிவிடும். கீழே விழும் கரி உலர்ந்து பொடியாக இருந்தால் சரி. கண்ணாடி போல மினுங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் பிரஷ்ஷுக்கு அது போகாது. அதைச் சரிசெய்யாமல் ஒரு குச்சிகூட எரிக்கக் கூடாது.

ரோட்டோரத்தில் கட்டுக்கட்டாக விற்கும் விறகில் பாதி பச்சையாக இருக்கும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் வேண்டாம். சைட்டில் கிடக்கும் பெயின்ட் அடித்த பலகையை விருந்தாளிகள் எடுத்துப் போடாமல் பார்த்துக்கொள். இன்னொன்று. உன் வீட்டுச் சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. குளிருக்குக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு அதைப் போட்டால், அது சிம்னியிலிருந்தே காற்றை உள்ளே இழுக்கும். மேலே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பும். புகையில் உள்ள விஷக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பிரின்சிக்குத் தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் கர்ப்பம் என்று விட்டுவிடாதே. முதலில் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போ. அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் வாங்கி மாட்டு. எப்போதாவது சிம்னி இரைந்தால் அடுப்பின் காற்றுவழியை அடைத்துவிட்டு எல்லோரையும் வெளியேற்று, தீயணைப்புக்குப் போன் செய். தண்ணீர் ஊற்றப் போகாதே. சாமான் எடுக்க உள்ளே போகாதே.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்த எட்டுக் குடிலையும் செய்தது அதே கான்ட்ராக்டர். அடுத்த வியாழக்கிழமை முதல் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். பிள்ளைகுட்டிகளோடுதான் வருவார்கள். நீ தகட்டைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாய். பயப்படாதே, இப்போதைக்கு அது வெறும் தாள்தான். இன்றைக்கே மேனேஜரிடம் போ. "நான் திறந்து பார்க்கவில்லை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், திரும்பப் பார்க்க வேண்டும்" என்று உன் வாயால் சொல். அவர் கத்துவார். திறப்பு விழா தள்ளிப்போகலாம். உன் வேலையே போகலாம். உனக்குப் பிள்ளை பிறக்கப்போகும் நேரத்தில் இப்படிச் சொல்லச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லாமல் இருந்த வருடங்களில் ஒரு நாளாவது நிம்மதியாக இருந்தேனா என்று உன் அம்மாவைக் கேள். உனக்கு அது வேண்டாம்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் அங்கே வந்துவிடுவேன். கம்பளியும் தகடும் பிரஷ்ஷும் காரில் ஏற்றியாகிவிட்டது. என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. நீ என்னோடு பேசக்கூட வேண்டாம். எட்டுக் குடிலுக்கும் நானே ஏறிப் பார்க்கிறேன். கால் இப்போதெல்லாம் நடுங்குகிறது. நீ கீழே நின்று ஏணியை மட்டும் பிடித்துக்கொள், மக்கா.

அப்பா